அண்ணன் தமனி, தம்பி தமனி

எங்கள் ஸ்கேன் அறையில் ஜெல் எப்போதும் இளஞ்சூடாகத்தான் இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் புட்டியைப் பிதுக்கிச் சில்லென்று கழுத்தில் தடவிவிடுவார்கள். படுத்திருப்பவர் மேலே பல்லி விழுந்ததுபோல் துள்ளுவார். நான் வெந்நீர்க் கிண்ணம் ஒன்றில் அந்தப் புட்டியை நிறுத்தி வைத்திருப்பேன். பணியில் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான். ஒருவர் தம் கழுத்தை நம் கையில் கொடுக்கும்போது அந்த அளவு மரியாதையாவது செய்ய வேண்டாமா? நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனாலும் என்னைப் பற்றி எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் மகிழ்வேன்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். கழுத்தின் இருபுறமும் பெரிய தமனி ஒன்று மேலே ஏறிப் போகிறது. தாடைக்குக் கீழே வந்ததும் அது இரண்டு கிளையாகப் பிரியும். ஒலியலையை அனுப்பி அந்தக் குழாய்களைத் திரையில் பார்ப்பதும், உள்ளே ஓடும் இரத்தத்தின் வேகத்தை அளப்பதும், எங்கே கொழுப்புப் படிந்து பாதை குறுகியிருக்கிறது என்று படித்துச் சொல்வதும் என் தொழில். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுகிறதல்லவா, அதுபோலக் குறுகிய இடத்தில் இரத்தம் வேகம் பிடிக்கும். வித்தை அவ்வளவுதான்.

நோயாளிகளுக்கு இதை நான் கதையாகச் சொல்வேன். ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவர். ஒரே வாசலில் புறப்பட்டு முச்சந்தியில் பிரிவார்கள். அண்ணன் நேரே அரண்மனைக்குப் போய்விடுவான். அரண்மனை என்பது மூளை. அங்கிருக்கும் ராஜா ஒரு நொடிகூடப் பசி பொறுக்கமாட்டார். ஆகவே அண்ணனின் நடை, நிற்காத நிதானமான நடை. தம்பியோ ஊர்சுற்றி. முகம், தாடை, உச்சந்தலை என்று கடைவீதியெல்லாம் அலைவான். குதிப்பான், நிற்பான், மறுபடியும் குதிப்பான். அவன் வழியில் தடுக்கி விழுந்தால் ஊரில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. பக்கத்துச் சந்துகள் அவன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அண்ணன் விழுந்தால் அரண்மனையில் விளக்கு அணைந்துவிடும். "இப்ப உங்க அண்ணனைத் தேடுறேன், கொஞ்சம் தலையைத் திருப்புங்க" என்பேன். சிரித்துக்கொண்டே திருப்புவார்கள். சிரிக்கும் கழுத்தில் படம் சற்று ஆடும், நான் பொறுத்துக்கொள்வேன்.

இந்த இருவரையும் மாற்றிப் படித்துவிடுவதுதான் எங்கள் தொழிலின் பெரிய சறுக்கல். அண்ணனின் பாதை மிகவும் நெரிபடும்போது, ஊர்சுற்றித் தம்பிக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிடும். சந்துபொந்து வழியாக அரண்மனைக்குச் சோறு சுமக்கத் தொடங்குவான். அப்போது அவன் நடையும் அண்ணனின் நடைபோலவே ஆகிவிடும். திரையைப் பார்ப்பவர் ஏமாறுவார். அதற்காகவே ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறோம். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் துடிக்கும் நாடியை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். அது தம்பி வீட்டுக் கதவு. அங்கே தட்டினால் தம்பியின் அலையில் மட்டும் சிறு சிறு பற்களாக அசைவு தெரியும். அண்ணன் திரும்பியும் பார்க்கமாட்டான். ஒரு தும்மல் போடும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

என் சம்பந்திக்கு முதன்முறை பார்த்தபோது நான் தட்டவில்லை.

அவர் என் மகளின் மாமனார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான்; குரல் ஓய்வு பெறவில்லை. நான் அவர் வீட்டுப் படியில் கால் வைத்ததும் உள்ளிருந்து அறிவிப்பு வரும்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சம்பந்தி அவர்கள் வழக்கம்போல் தாமதமாக முன்வாசல் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறார்." தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பெண் பார்க்க வந்த நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அந்தக் குரலில்தான் வந்தது.

"நீங்க எந்த மாதிரி டாக்டர் சம்பந்தி? ஊசி போடுவீங்களா, ஆபரேஷன் பண்ணுவீங்களா?"

"ஸ்கேன் பார்த்துப் படிச்சுச் சொல்றவன்."

"அட, இருட்டுல உக்காந்து படம் பாக்குற டாக்டரா! இடைவேளை உண்டா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நகைச்சுவை என்ற வகையில் அது நல்ல நகைச்சுவைதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் 'படம் பாக்குற டாக்டர்' என்று பெயர். நான் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளாமலா இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நினைவாற்றல் சற்று அதிகம், வேறொன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்ததும் சம்பந்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று வந்தார். நானே அவரைப் படுக்கவைத்து, இளஞ்சூடான ஜெல்லைத் தடவி, அண்ணன் தம்பி கதையைத் தொடங்கினேன்.

"கதையில அப்பா யாரு சம்பந்தி? சொத்தை எப்படிப் பிரிச்சாரு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு சிரிப்பாக, இடப்பக்கத்தில் ஒரு கிளை நிதானமாக நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து இவன்தான் அண்ணன் என்று முடிவு கட்டினேன். மற்றதில் பாதை குறுகியிருந்தது. அவனைத் தம்பி என்று குறித்தேன். முகத்துக்குப் போகும் கிளையில் அடைப்பு, கவலைப்பட வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது பிழை. நெஞ்சறிந்த பொய் அல்ல, வெறும் பிழை. அதற்காக நீங்கள் தண்டித்தால் தலை குனிந்து ஏற்றுக்கொள்வேன்.

அதன்பின் அந்த வீட்டில் என் பெயர் மாறியது. வருவோர் போவோரிடமெல்லாம் அவர் என்னைப் பற்றியே அறிவிப்புச் செய்தார். "மத்தவன் வெளியில பாத்து வைத்தியம் பண்ணுவான்; எங்க சம்பந்தி உள்ள பாக்குற டாக்டர். அடைப்பையும் கண்டுபுடிச்சு, இது ஒண்ணும் பண்ணாது, போய்த் தூங்குன்னு தைரியமும் சொன்ன ஆளு." என் மகள் தொலைபேசியில், "அப்பா, மாமா உங்களைப் பத்திப் பேசியே எங்க காதை அடைச்சிட்டாரு" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகப்பனாக இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.

மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு இடது கண் சிறிது நேரம் இருண்டு தெளிந்தது. அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், கழுத்தை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லி எங்களிடம் அனுப்பினார். நான் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால் என்னோடு பணியாற்றும் இளைய மருத்துவர் அவரைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்தச் சொல்லோடுதான் நுழைவார்.

"சார், ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா? பரவாயில்லையே."

"உங்க சம்பந்தி ஸ்கேன் சார். பழைய ரிப்போர்ட்ல அடைப்பு முகத்துக்குப் போற கிளையிலன்னு இருக்கு. நான் பொட்டுல தட்டிப் பாத்தேன். அடைப்பு இருக்கிற குழாய்ல அலை ஆடவே இல்ல. நல்லா இருக்கிற குழாய்லதான் ஆடுது."

நான் எழுந்து போனேன். சம்பந்தி கழுத்தில் ஜெல்லோடு படுத்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. கண்ணுக்கு முன்னால ஷட்டர் இறங்கிச்சு, கொஞ்ச நேரத்துல தானா ஏறிடுச்சு. டிக்கெட் கவுண்டர்ல சாப்பாட்டு நேரம் மாதிரி."

நான் அவர் நெற்றிப்பொட்டில் தட்டினேன். அடைப்பில்லாத குழாயின் அலையில் பற்கள் முளைத்தன. மறுபடி தட்டினேன். மறுபடியும் முளைத்தன. நான் அண்ணன் என்று எழுதியவன் தம்பி. தம்பி என்று தள்ளிவிட்டவன்தான் அண்ணன். அவனுடைய பாதை நூல் அளவுக்கு நெரிந்து கிடந்தது. கண் இருண்டது, அங்கிருந்து உதிர்ந்த துணுக்கு ஒன்று செய்த வேலை. இப்படிப்பட்டவரைச் சில நாட்களுக்குள் அறுவை மேசைக்கு அனுப்பி அடைப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை நானே மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். நன்றாக நடத்துவேன் என்றும் சொல்வார்கள்.

"என்ன தட்டுறீங்க? உள்ள ஆள் இருக்கான்னு பாக்குறீங்களா?" என்றார் சம்பந்தி.

"இருக்காங்க, இருக்காங்க."

"போன தடவை தட்டலையே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். என் விரல் அவர் நெற்றிப்பொட்டிலேயே இருந்தது. அதன் கீழே நாடி துடித்துக்கொண்டிருந்தது.

"போன தடவை தேவைப்படல" என்றேன்.

இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் சந்தேகத்திடம், பழைய அறிக்கையில் உள்ளபடியே பெயர்களைக் குறித்துவிடச் சொன்னேன். அவர் அசையவில்லை. ஆகவே ஒரு கதை சொன்னேன். ஓர் ஊரில் மணிக்கூண்டுக் கடிகாரம் தவறான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவன் நல்லவன். ஒரேயடியாக முள்ளைத் திருப்பினால் ஊர் திகைத்துப்போகும், இனி மணிக்கூண்டையே யாரும் நம்பமாட்டார்கள் என்று எண்ணி, தினமும் இம்மியளவு நகர்த்திச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தான். யாருக்கும் தெரியவில்லை, யாருக்கும் சங்கடமில்லை.

"அதுக்குள்ள ரயில் போயிடுமே சார்?" என்றார் அவர்.

"கதையில ரயில் கிடையாதும்மா."

"அப்ப நான் கையெழுத்துப் போடல."

"வேண்டாம்மா. நானே போட்டுக்கிறேன்."

போட்டேன். 'முந்தைய பரிசோதனையோடு ஒப்பிட மாற்றம் ஏதும் இல்லை' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இதைவிட இனிமையான வாக்கியம் கிடையாது. வாங்கிப் படித்தவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். சம்பந்தி அதைக் காத்திருப்போர் கூடத்திலேயே உரக்க அறிவித்தார். முன்பின் தெரியாதவர்கள்கூட அவருக்குக் கை கொடுத்தார்கள். சந்தேகம் மறுநாளே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். கெட்டிக்காரப் பெண், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஒரே வரியில் திருத்தி எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். இருக்கலாம்தான். அந்த வரியை மனத்துக்குள் அமைத்தும் பார்த்தேன், பொருத்தமாகவே அமைந்தது. ஆனால் அந்த வீட்டில் என் மகள் வாழ்கிறாள், ஐயா. அவளுடைய தகப்பன் மாமனாரின் மூளைக்குப் போகும் வழியையே மாற்றிப் படித்தவன் என்று ஆகிவிட்டால், அந்தக் கூடத்தில் எழும் சிரிப்பை அவள் எப்படித் தாங்குவாள்? நான் அவளைத்தான் நினைத்தேன். அவரைக் கைவிட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மழைக்காலம் கழிந்ததும் நானே அவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை பார்த்து, 'புதிதாக ஓர் அடைப்பு வளர்ந்திருக்கிறது' என்று எழுதி அறுவைக்கு அனுப்புவதாக இருந்தேன். கழுத்துத் தமனியில் அடைப்பு வளர்வது உலக வழக்கம். யார்மேலும் குற்றமில்லை. அதற்கு நடுவில் பார்ப்பவர் நம்பும்படியான ஒரு கால இடைவெளி மட்டும் வேண்டும். நோய்க்கும் வளர அவகாசம் கொடுக்க வேண்டுமல்லவா?

அந்த இடைவெளியில் நான் அவரைக் கவனித்துக்கொண்டதுபோல் அவர் மகன்கூடக் கவனித்ததில்லை. இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கழுத்தை யாரிடமும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வாரந்தோறும் பழங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கை மரத்துப்போகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று விசாரித்தேன்.

"என்ன சம்பந்தி, திடீர்னு இவ்வளவு பாசம்? கட்டிக்குடுக்க இன்னொரு பொண்ணு ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அந்த நாட்களில் நாங்கள் உண்மையிலேயே நெருங்கிவிட்டோம்.

ஒருநாள் வெளியே கிளம்பும்போது, "அந்த ரயிலை எடு, பூட்டணும்" என்றார் என் மகளிடம். சாவியைத்தான் சொல்ல வந்தார். சொல் கிடைக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். சிறிது நேரத்தில் கிடைத்துவிட்டது. "வயசாகுது மாமாவுக்கு" என்று மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். மறுநாள் காலையிலேயே அவரை அழைத்துவிடலாமா என்று யோசித்தேன். மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதிய மை காய்வதற்குள் நூலிழை அடைப்பு எங்கிருந்து வரும்? யார் நம்புவார்கள்? சந்தேகம் நிச்சயம் நம்பமாட்டார். கனத்த மனத்தோடு ஒத்திவைத்தேன். மாத்திரையை மட்டும் இரவிலும் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்த வாரம் பழப்பையோடு போனபோது, உள்ளிருந்து "பயணிகளின் கனிவான" என்று குரல் எழுந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றியபடி மீதி அறிவிப்புக்காகப் புன்னகையோடு நின்றேன். மீதி வரவில்லை. நாற்காலி சாயும் ஓசைதான் வந்தது.

ஆம்புலன்ஸில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போனவன் நான். எங்கள் அறையில் அவர் கழுத்தை அன்றும் நானே பார்த்தேன். அந்த அவசரத்திலும் ஜெல் சூடாக இருந்தது. அண்ணன் முழுக்க மூடிக்கொண்டிருந்தான். அப்படியே எழுதினேன்: மூளைக்குப் போகும் கிளை புதிதாக மூடியிருக்கிறது, முகத்துக்குப் போகும் கிளையில் பழைய அடைப்பு முன்போலவே இருக்கிறது. இரண்டாவது பகுதி உண்மையல்லதான். ஆனால் இரண்டு முறை இருந்த அடைப்பு மூன்றாம் முறை காணாமல் போனால் படிப்பவர் குழம்பமாட்டாரா?

குழப்பம் வேறு வழியில் வந்தது. நரம்பியல் மருத்துவர் அவருக்குச் சாயம் ஏற்றி வேறு வகை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். என்னிடம் படித்த பெண்தான்.

"சார், முகத்துக்குப் போற குழாய் கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க மூணு ரிப்போர்ட்லயும் எழுதின அடைப்பு எங்க போச்சு?"

"சில சமயம் கரையறதும் உண்டும்மா."



"கரையாதுன்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதான் சார்."

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சந்தேகத்தையும் விசாரித்திருப்பீர்கள், அவர் சொன்னது அனைத்தும் உண்மை. ஆகவே, ஆம். எந்தக் கிளை மூளைக்குப் போகிறது என்று தெரிந்தே மாற்றி எழுதினேன். அவர் நாளுக்கு நாள் எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார் என்று தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக் கொடுத்தேன். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிறவன் அல்லன்.

அவருக்கு வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆனால் எங்களுக்குள் கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும். உங்கள் விசாரணைக் கடிதம் வருவதற்கு முன்பே, போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். தட்டாததைச் சொன்னேன், தட்டியதைச் சொன்னேன், காத்திருந்ததையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "சரி" என்றார்.

அறை வாசலில் என் மகள் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான்ப்பா மிச்சம் இருக்கு. தண்ணி வேணுமா மாமான்னா சரி. வலிக்குதா மாமான்னா சரி. தூக்கத்துலகூட சரி, சரின்னுதான் சொல்றாரு. கிளம்புங்க. இனிமே இங்க வராதீங்க."

இரவு பகலாகப் பணிவிடை செய்து களைத்திருக்கிறாள், பாவம். மேலும், படித்துச் சொல்வது அவள் தொழில் அல்ல. அவளுக்கு எல்லாச் 'சரி'யும் ஒன்றுபோலத்தான் கேட்கும். எனக்கு அப்படியல்ல, ஐயா. அந்தச் 'சரி' தனியாகத் தெரிந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார். எது எதுவென்று அடையாளம் காண்பதில் எனக்குத் தவறாது.